பெரிய துவாரம், சோம்பல் காற்று

"காக்கா, ஹெட்டக் கழட்டின கையோட போர்ட்டயும் கொஞ்சம் பெருசாக்கித் தாங்களேன்." ஏறாவூர் வீதியோரக் கராஜ்களில் மோட்டார் சைக்கிள் பையன்கள் கேட்கும் வேண்டுகோள் இது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை அரசு தனியாருக்குத் திறந்துவிட்டது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் புதிய வண்டிக்கு வழியில்லை. பத்து, பதினைந்து வருஷப் பழைய எஞ்சின்களையே திரும்பத் திரும்பப் பிரித்து மாட்டினார்கள். சிலிண்டரை மூடும் ஹெட் மேசையில் கிடக்கும்போது கை சும்மா இருக்குமா? டிரில்லில் ஒரு கல்லை மாட்டி, காற்று போகும் வழியான போர்ட்டைக் குடைந்து அகலமாக்கிவிடத் தோன்றும்.

காற்று கூடுதலாகப் போனால் பெற்றோலும் கூடுதலாக எரியும், சக்தி கூடும். இதில் பிழையில்லை. ஆனால் வழியை அகலமாக்கினால் காற்று கூடுதலாகப் போகும் என்பது பாதி உண்மைதான்.

ஒரு கணக்குப் போடுவோம். ஹொண்டா சிஜி 125 எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 56.5 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் 49.5 மி.மீ. நிமிடத்துக்கு 8,000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 13.2 மீற்றர். உள்ளே இழுக்கும் ஒரு வீச்சுக்குக் கிடைக்கும் நேரம் 3.75 மில்லி வினாடி மட்டுமே. போர்ட்டின் விட்டம் 24 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் அதற்குள் காற்று சராசரியாக வினாடிக்கு 73 மீற்றர் வேகத்தில் பாயும். அதையே 27 மி.மீ. ஆகக் குடைந்துவிட்டால் வேகம் 58-க்கு இறங்கிவிடும். மோட்டார் பந்தயக்காரனுக்கு இது பரவாயில்லை, அவன் எஞ்சினை எப்போதும் உச்சத்திலேயே வைத்திருப்பான். சந்தைக்கும் பள்ளிக்கும் செங்கலடிச் சந்திக்கும் 4,000 சுற்றில் போய்வருபவருக்கு அந்த 58-இலும் பாதிதான் மிஞ்சும்: 29 மீற்றர்.

வேகம் குறைந்தால் என்ன குடி முழுகிவிடும்? இரண்டு காரியம் கெடும். பிஸ்டன் அடிக்குப் போய்த் திரும்பி மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்லெட் வால்வு சிறிது நேரம் திறந்தே இருக்கும். வேகமாக வந்த காற்று தன் உந்தத்தால் அந்த நேரத்திலும் உள்ளே புகுந்துகொண்டிருக்கும். சோம்பலாக வந்த காற்றையோ பிஸ்டன் வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். இது முதலாவது.

இரண்டாவதைப் புரிந்துகொள்ள மட்டக்களப்பு வாவியே போதும். 56 கிலோமீற்றர் நீளமான அந்த நீர்ப்பரப்பு பாலமீன்மடுப் பக்கம் முகத்துவாரத்தில் கடலோடு சேர்கிறது. மாரியில் வெள்ளம் இறங்கும்போது அந்த ஒடுங்கிய வாயில் நீர் சீறிப் பாயும், மணலையும் அள்ளிக்கொண்டு போகும். கோடையில் ஓட்டம் தளர்ந்ததும் மணல் படிந்து திட்டாகி வாயை அடைத்துவிடும். காபரேட்டரிலிருந்து வரும் பெற்றோல் துளிகளும் அப்படித்தான். காற்று விரைந்தால் மிதந்து போகும், தளர்ந்தால் போர்ட்டின் சுவரில் ஈரமாகப் படியும். பிறகு ஒரு சுற்றுக்குக் குறைவாகவும் அடுத்த சுற்றுக்கு அளவுக்கு மிஞ்சியும் உள்ளே வழியும். வண்டி இழுக்காமல் திணறுவதற்கும் பிளக் கறுப்பதற்கும் இதுவும் ஒரு காரணம்.

அப்படியென்றால் வீட்டிலோ கராஜிலோ போர்ட்டில் கை வைக்கவே கூடாதா? வைக்கலாம். எங்கே என்பதுதான் கேள்வி.

கழற்றிய ஹெட்டின் இன்லெட் வழிக்குள் சுட்டுவிரலை விட்டுத் தடவிப் பாருங்கள். அலுமினிய வார்ப்பின் சொரசொரப்பு முதலில் தட்டும். வால்வை நெருங்கும்போது வழி கீழ்நோக்கி வளையும். அந்த வளைவின் உட்பக்கத்தில், அலுமினியம் முடிந்து, வால்வு மூடும்போது அமரும் இரும்பு சீட் வளையம் தொடங்கும் இடத்தில், நகத்தில் இடறும் ஒரு கூர்விளிம்பு இருக்கும். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் வார்த்துக் கடையும்போது விட்டுப்போகும் குறை அது. காற்றின் பெரும்பாடு அங்கேதான். அந்தக் குறுகிய திருப்பத்தில் சுவரோடு ஒட்டிப் போக முடியாமல் காற்று பிய்த்துக்கொண்டு சுழலும். சுழல் நிற்கும் இடம் வழியை அடைத்த மாதிரிதான். விளிம்பை மழுக்கி வளைவை மெல்ல உருட்டிவிட்டால், போர்ட்டின் அளவு மாறாமலே ஓட்டம் கூடும். அரை மணி நேர வேலை. ஆனால் திருப்பத்தைத் தட்டையாக்கும் அளவுக்குத் தோண்டினால் நிலைமை முன்னிலும் மோசமாகும். தோண்டிய அலுமினியத்தை ஆர்கன் வெல்டிங் இல்லாமல் திருப்பி வைக்கவும் முடியாது. தண்ணீரில் குளிரும் கார் ஹெட் என்றால் சுவருக்கு அப்பால் தண்ணீர் ஓடுகிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அடுத்தது வால்வு சீட். வால்வு தன் விட்டத்தில் கால்வாசி உயர்ந்தால், அதைச் சுற்றித் திறக்கும் இடைவெளி வால்வின் முழுப் பரப்புக்குச் சமமாகிவிடும். 28 மி.மீ. வால்வுக்கு அது 7 மி.மீ. ஏறும்போதும் இறங்கும்போதும் வால்வு பெரும்பகுதி நேரம் அதற்குக் கீழேதான் நிற்கிறது. அப்போது நெரிசல் சீட்டில்தான், போர்ட்டில் அல்ல. ஆகவே 45 பாகைச் சீட்டுக்கு மேலும் கீழும் 30, 60 பாகையில் ஒவ்வொரு வெட்டுக் கொடுத்து ஒழுங்காக வால்வு அரைக்கும் பழைய மெக்கானிக், போர்ட்டைக் குடையும் பையனைவிடக் கூடுதலான காற்றை உள்ளே அனுப்புகிறார். இதை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

காபரேட்டரை ஹெட்டோடு இணைக்கும் குழாயான இன்லெட் மெனிபோல்டில் பார்க்க வேண்டியது பொருத்தம். மெனிபோல்டின் வாயும் ஹெட்டின் வாயும் நடுவில் உள்ள பெக்கிங்கும் ஒன்றோடொன்று நேராக இருக்க வேண்டும். பெக்கிங் உள்ளே நீட்டிக்கொண்டிருப்பது அடிக்கடி காணும் கூத்து. மெனிபோல்டின் நீளமும் விளையாட்டு காட்டும். வால்வு மூடும்போது எழும் அழுத்த அலை குழாயில் போய்த் திரும்பி, அடுத்த முறை வால்வு திறக்கும் நேரத்துக்கு வந்து சேர்ந்தால் காற்றைத் தள்ளிவிடும். 1960-இல் கிறைஸ்லர் 300எஃப் காரில் 30 அங்குல நீளக் குழாய்கள் பூட்டினார்கள். வேகப் போட்டிக்கென்று கொடுத்த வகையில் வெளித்தோற்றம் அதேதான், உள்சுவரை மட்டும் வெட்டி 15 அங்குலமாக்கியிருந்தார்கள். இழுவையின் உச்சம் மேல் சுற்றுக்கு நகர்ந்தது.

கண்ணால் பார்த்து இதையெல்லாம் தீர்மானிக்க முடியாது. இங்கிலாந்தில் ஹரி வெஸ்லேக் 1920-களிலேயே ஹெட்டுக்குள் காற்றை ஓடவிட்டு அளந்து பார்த்துத் திருத்தினார். 1948-இல் வந்த ஜாகுவார் எக்ஸ்கே எஞ்சினின் ஹெட்டில் அவர் கை உண்டு. அதன் எளிய வடிவத்தை வீட்டிலும் செய்யலாம்: சிலிண்டர் விட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய், அதன் மேல் ஹெட், கீழே தூசு உறிஞ்சும் மெஷின், அழுத்தம் பார்க்க நிறத்தண்ணீர் ஊற்றிய வளைந்த கண்ணாடிக் குழாய். வால்வை ஒரு போல்டால் 1 மி.மீ. வீதம் திறந்து, தண்ணீர் மட்டம் மாறுவதைக் குறித்துக்கொள்ள வேண்டும். உறிஞ்சும் அழுத்தத்தை நான்கு மடங்காக்கினால் காற்று இரண்டு மடங்குதான் கூடும். அதனால் வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே அழுத்தத்தில் ஒப்பிட்டால்தான் கணக்குச் சரிவரும்.

கண்ணாடி போல் பளபளக்கத் தேய்ப்பது வேறொரு மோகம். எக்ஸோஸ்ட் பக்கம் கரி ஒட்டுவது குறையலாம், செய்யுங்கள். இன்லெட்டில் அந்த மினுக்கத்தால் சொல்லும்படியான லாபம் இல்லை. இரண்டுக்கும் தூசு தடுக்கும் முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், அலுமினியத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

ஏறாவூர்க்காரர்களுக்கு ஒரு பைசாவும் செலவில்லாத லாபம் ஒன்றுண்டு. நுவரெலியாவில் 1934-இலிருந்து பேர்பெற்ற மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி நடக்கும் இடம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். குளிர் இருந்தும் அங்கே காற்றின் அடர்த்தி, ஏறாவூர்ப் பக்கத்துப் புன்னைக்குடாக் கடற்கரையின் புழுக்கக் காற்றைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு. அதே எஞ்சின், அதே போர்ட், ஆனால் இங்கே நிரம்புவது கூடுதல். வீட்டில் செய்யும் போர்ட் வேலை அந்த அளவு கொடுத்தாலே பெரிய காரியம்.

காற்றின் அளவு மாறினால் பெற்றோலை அளந்துவிடும் காபரேட்டர் ஜெட்டையும் மாற்ற வேண்டும். காற்றுக் கூடிப் பெற்றோல் கூடாவிட்டால் கலவை மெலிந்து பிஸ்டன் சூடேறும், பிளக்கின் பீங்கான் வெளுத்துக் காட்டும். ஜெட்டை அளவுக்கு மிஞ்சிப் பெரிதாக்கினால், வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முன் செய்யும் புகைப் பரிசோதனையில் கார்பன் மோனொக்சைட் ஏறி நிற்கும், இன்னொரு முறை வரச்சொல்வார்கள்.