வீட்டு அலுவலகத்துக்கு எந்த லினக்ஸ்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர் உள்ள பெரும்பாலான கம்ப்யூட்டர்களை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. நன்றாக ஓடும் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட மனம் வராமல் நீங்கள் லினக்ஸ் பக்கம் பார்த்திருக்கலாம். பார்த்ததும் உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா என்று வரிசையாகப் பெயர்கள் வந்து குழப்பியிருக்கும்.

ஏன் இத்தனை பெயர்கள்? லினக்ஸ் என்பது லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் எழுதத் தொடங்கிய கெர்னல் (கம்ப்யூட்டரின் பாகங்களை இயக்கும் அடிப்படை நிரல்) மட்டும்தான். அதோடு திரை, மெனு, பிரவுசர், ஆஃபிஸ் மென்பொருள் எல்லாவற்றையும் சேர்த்து முழுத் தொகுப்பாகத் தருவதுதான் டிஸ்ட்ரோ. மென்பொருள்கள் பெரும்பாலும் ஒன்றேதான். எத்தனை ஆண்டு பாதுகாப்புத் திருத்தம் தருகிறார்கள், எவ்வளவு அடிக்கடி மாற்றுகிறார்கள், எவ்வளவு ரேம் கேட்கிறது என்பவற்றில்தான் வேறுபாடு.

என் வேலை லினக்ஸில் நடக்குமா? இதற்குப் பதில் தெரிந்த பிறகு டிஸ்ட்ரோவைத் தேடுங்கள். போன வாரம் நீங்கள் திறந்த மென்பொருள்களை ஒரு தாளில் எழுதுங்கள். மெயில், வங்கிக் கணக்கு, கூகுள் மீட், வாட்ஸ்அப் வெப் போன்று பிரவுசரில் நடப்பவை எல்லா டிஸ்ட்ரோவிலும் நடக்கும். டேலி, ஃபோட்டோஷாப், பேஜ்மேக்கர் ஆகியவை லினக்ஸுக்கென வெளிவருவதில்லை. ஒயின் (விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட முயலும் நிரல்) வழியாகச் சில ஓடும். ஆனால் பிழைப்புக்கான வேலையை அதை நம்பி வைக்காதீர்கள். கணக்கு முழுவதும் டேலியில் இருந்தால், அதற்கென ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர் இருக்கட்டும். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் பயன்படுத்துபவராக இருந்தால், லினக்ஸ் டிரைவர் உண்டா என்று அதை விற்றவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

வேர்டு, எக்செல் கோப்புகள் திறக்குமா? திறக்கும். லிப்ரெஆஃபிஸ் பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் கூடவே வருகிறது. ஆனால் லதா, நிர்மலா போன்ற விண்டோஸ் எழுத்துருக்கள் அதில் இருக்காது. வேறு தமிழ் எழுத்துரு அந்த இடத்தில் வந்து உட்காரும். எழுத்தின் அகலம் மாறுவதால் கடைசி இரண்டு வரி அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். அதனால் பில், விலைப்பட்டியல் போன்றவற்றை வாடிக்கையாளருக்கு பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். எக்செல்லில் மேக்ரோ (ஒரே வேலையைத் தானாகச் செய்ய எழுதிவைக்கும் கட்டளைகள்) வைத்திருந்தால், அந்தக் கோப்பைத் தனியாகச் சோதித்துப் பாருங்கள். பல மேக்ரோக்கள் லிப்ரெஆஃபிஸில் ஓடுவதில்லை.

தமிழ் டைப்பிங்? ஐபஸ் (பல மொழிகளில் உள்ளிட உதவும் நிரல்) என்பதோடு எம்17என் தொகுப்பையும் நிறுவினால் தமிழ்99, பொனட்டிக், பழைய டைப்ரைட்டர் முறை மூன்றும் கிடைக்கும். பாமினியில் அடித்த பழைய கோப்புகள் இருந்தால், அந்த எழுத்துருக் கோப்பையும் விண்டோஸிலிருந்து நகலெடுத்து வந்து நிறுவுங்கள். இல்லாவிட்டால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? விண்டோஸிலிருந்து வருபவருக்கு என் பரிந்துரை லினக்ஸ் மின்ட், சின்னமன் பதிப்பு. கீழே பட்டை, இடது மூலையில் மெனு என்று கை பழகிய இடத்திலேயே எல்லாம் இருக்கும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். டைம்ஷிஃப்ட் என்ற கருவியும் கூடவே வருகிறது. ஒரு அப்டேட் கோளாறு செய்தால், முன்பே அதில் பதிந்து வைத்த நிலைக்குக் கம்ப்யூட்டரைத் திருப்பிவிடலாம். ரேம் 4 ஜிபிதான் என்றால் அதே மின்ட்டில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள். அது இன்னும் இலேசானது.

மற்றவை கூடாதா? கூடும். உபுண்டு எடுத்தால் எல்டிஎஸ் (ஐந்தாண்டு திருத்தம் வரும் நீண்டகாலப் பதிப்பு) மட்டும் எடுங்கள். டெபியன் மிக உறுதியானது, ஆனால் தொடக்கத்தில் அமைப்பதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஃபெடோராவில் ஒரு பதிப்புக்கு ஏறத்தாழ 13 மாதம்தான் ஆதரவு. ஆண்டுக்கு ஒரு முறையாவது பதிப்பு மாற்றிக்கொண்டிருப்பது அலுவலகத்துக்கு வேண்டாத வேலை. இந்த நான்கும் இலவசம்தான். தொழிலுக்குப் பயன்படுத்தத் தனி உரிமமும் வேண்டாம்.

நிறுவாமல் சோதிக்க முடியுமா? கட்டாயம் அப்படித்தான் செய்ய வேண்டும். மின்ட்டின் ஐஎஸ்ஓ கோப்பை (முழு டிஸ்ட்ரோவும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) இறக்கி, ரூஃபஸ் என்ற நிரல் கொண்டு 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றுங்கள். பென்டிரைவில் இருப்பது அழிந்துவிடும் என்பதால் காலியானதை எடுங்கள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, டெல் என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 பொத்தானைத் தட்டிக்கொண்டே ஆன் செய்து, வரும் பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். ஹார்டு டிஸ்கைத் தொடாமல் மின்ட் திறக்கும்.

இப்போது வைஃபை இணைகிறதா, யூடியூபில் சத்தம் வருகிறதா, வீடியோ அழைப்பில் உங்கள் முகமும் குரலும் போகிறதா என்று பாருங்கள். கடைசியாக பிரிண்டரை இணைத்து ஒரு பக்கம் அச்சிட்டு, ஸ்கேனும் செய்யுங்கள். எச்பி மாடல்களில் பெரும்பாலானவற்றுக்கு டிரைவர் உள்ளேயே இருக்கும். சில பழைய லேசர் பிரிண்டர்கள் மட்டும் முரண்டு பிடிக்கும். அது இப்போதே தெரிந்தால் உங்களுக்கு நஷ்டமில்லை.

விண்டோஸை அழிக்க வேண்டுமா? தொடக்கத்தில் வேண்டாம். நிறுவும்போதே விண்டோஸுக்குப் பக்கத்தில் மின்ட்டை வைக்கும் வழி இருக்கிறது. ஆன் செய்யும்போது எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். அதற்கு முன் முக்கியமான கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து, அவை திறக்கின்றனவா என்றும் பாருங்கள். பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) ஓடிக்கொண்டிருந்தால், அதன் மீட்புச் சாவி எண்ணைத் தாளில் எழுதிவைத்த பிறகே தொடங்குங்கள்.

எப்போது மாறுவது? வேலை குறைந்த ஒரு வாரத்தில். மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவருக்கு 20-ஆம் தேதி கெடு. அதை முடித்த மறுநாள் தொடங்கினால், அடுத்த தாக்கலுக்குள் புதிய திரையில் கை பழகிவிடும்.