உண்டியலில் போட்டதா, கவுன்டரில் கட்டியதா?

திருமலையில் பக்தரின் பணம் இரண்டு வழியாகப் போகிறது. தரிசனம் முடித்துத் திரும்பும்போது எதிர்ப்படும் ஸ்ரீவாரி உண்டியல் ஒன்று. தேவஸ்தானத்தின் நன்கொடைக் கவுன்டர் மற்றொன்று. உண்டியலில் போடுகிறவர் பெயர் சொல்ல வேண்டாம், ரசீதும் கிடையாது. கவுன்டரில் அன்னப்பிரசாத டிரஸ்ட்டுக்குப் பணம் கட்டுகிறவர் பெயர், முகவரி, பான் எண் எல்லாம் தந்து ரசீது வாங்கிக்கொள்கிறார். பெருமாளுக்கு இரண்டும் காணிக்கைதான். வருமான வரிச் சட்டம் மட்டும் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது.

இந்த வித்தியாசம் தெரியாமலேயே நம்மில் பலர் ஆண்டுதோறும் தர்மம் செய்கிறோம். சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் மலைக்குப் போகிறவர்களுக்கும், சித்தூர், நகரி, புத்தூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது அன்றாட விஷயம். 'வரிவிலக்கு உண்டு' என்று ரசீதில் ஒரு வரி இருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். யாருக்கு விலக்கு, எதற்கு விலக்கு என்று கேட்பதில்லை. கேட்டாக வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

இரண்டு விலக்குகள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தர்ம ஸ்தாபனத்தின் வருமானத்துக்கு வரி இல்லை என்பது ஒன்று. அதற்கு நன்கொடை தந்தவருக்கு வரி குறையும் என்பது வேறொன்று. 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் முதலாவதற்கு 12ஏபி பிரிவில் பதிவு வேண்டும். இரண்டாவதற்கு 80ஜி அங்கீகாரம் வேண்டும். முதலாவதை வைத்திருக்கும் அமைப்பிடம் இரண்டாவதும் இருந்தே தீரும் என்பதில்லை.

80ஜி சலுகையிலும் படிகள் உண்டு. பிரதமரின் தேசிய நிவாரண நிதி, முதலமைச்சர் நிவாரண நிதி போன்றவற்றுக்குத் தருவதில் 100 சதவீதமும் கழித்துக்கொள்ளலாம். சாதாரண அறக்கட்டளைகளுக்குத் தருவதில் 50 சதவீதம்தான். அதற்கும் வருமானத்தில் 10 சதவீதம் என்ற உச்சவரம்பு உண்டு. 20 சதவீத வரி கட்டும் ஒருவர் 10,000 ரூபாய் தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி, அதாவது 5,000 ரூபாய், அவருடைய வருமானத்திலிருந்து கழியும். செஸ் சேர்த்து அவருக்கு மிச்சமாவது 1,040 ரூபாய். புதிய வரி முறையில் கணக்குக் காட்டுகிறவருக்கு இதுவும் கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது. அரிசி மூட்டையாகவோ காய்கறியாகவோ கொடுத்தாலும் கிடையாது. லாரி நிறையக் காய்கறி அனுப்பும் விவசாயிக்குப் புண்ணியம் உண்டு, 80ஜி இல்லை.

கோயில் வேறு, கோயில் செய்யும் தர்மம் வேறு

உண்டியலுக்கு வருவோம். பெயர் தெரியாதவர் தரும் நன்கொடைக்கு, ஒரு வரம்புக்கு மேல், 30 சதவீத வரி போடச் சட்டத்தில் 115பிபிசி என்ற பிரிவு இருக்கிறது. கறுப்புப் பணம் கல்லூரிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் 'நன்கொடை'யாக நுழைவதைத் தடுக்க வந்த பிரிவு அது. முழுக்க முழுக்க மத வழிபாட்டுக்கான ஸ்தாபனங்களுக்கு அதிலிருந்து விலக்கு. உண்டியலில் பெயர் எழுதிப் போடும் வழக்கம் நம் கோயில்களில் பொதுவாக இல்லை என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதே நேரம் சித்தூர் கடைவீதியில் ஒரு கல்வி அறக்கட்டளை உண்டியல் வைத்துப் பெயரில்லாமல் வசூலித்தால், வரம்பைத் தாண்டும் தொகைக்கு வரி உண்டு.

மறுபக்கம், மத வழிபாட்டுக்குத் தருவதற்குப் பொதுவாக 80ஜி கிடைக்காது. புகழ்பெற்ற கோயில் என்றோ, வரலாற்றுச் சிறப்புள்ளது என்றோ மத்திய அரசு அறிவித்த தலங்களில் திருப்பணிக்குத் தருவது மட்டும் விதிவிலக்கு. அன்னதானம், மருத்துவம், அநாதைக் குழந்தைகள் பராமரிப்பு ஆகியவை தர்மக் கணக்கில் வருபவை. திருமலை திருப்பதி தேவஸ்தானம் இவற்றுக்கெல்லாம் தனித்தனி டிரஸ்ட்டுகள் வைத்திருப்பதன் பொருள் இங்கேதான் புரியும்.

அன்னதானத் திட்டத்தை 1985 ஏப்ரலில் அன்றைய ஆந்திர முதல்வர் என்.டி.ராமராவ் தொடங்கிவைத்தபோது நாளொன்றுக்கு 2,000 பேர் சாப்பிட்டார்கள். 1994-ல் அதற்கென்று தனி டிரஸ்ட் ஏற்பட்டது. இன்று பக்தக் கவிஞர் தரிகொண்ட வெங்கமாம்பா பெயரில் நிற்கும் அன்னப்பிரசாதக் கூடத்தில் ஒவ்வொரு பந்திக்கும் ஆயிரக்கணக்கானோர் உட்காருகிறார்கள். ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்குப் பிராணதான டிரஸ்ட் இருக்கிறது. எலும்பு, மூட்டு நோயாளிகளுக்கும் ஊனமுற்றோருக்கும் 'பர்டு' மருத்துவமனை இருக்கிறது. இந்த டிரஸ்ட்டுகளுக்குத் தரும் பணம் எந்த நோக்கத்துக்கு வந்ததோ அந்த நோக்கத்துக்கே செலவாக வேண்டும். கவுன்டரில் எந்த டிரஸ்ட்டின் பெயரைச் சொல்கிறீர்கள் என்பது அவ்வளவு முக்கியம்.

டிரஸ்ட், சங்கம், கம்பெனி

ஊரில் நாலு பேர் சேர்ந்து நல்ல காரியம் செய்ய நினைத்தால் சட்டம் மூன்று உருவங்களைத் தருகிறது. பத்திரம் எழுதி சப்-ரிஜிஸ்டிரார் அலுவலகத்தில் பதிவு செய்வது டிரஸ்ட். குறைந்தது ஏழு பேர் சேர்ந்து ஆந்திரப் பிரதேசத்தின் 2001-ம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்வது சொசைட்டி. 2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 8-வது பிரிவில் பதிவாகும், லாபத்தைப் பங்கு பிரிக்காத கம்பெனி மூன்றாவது.

இந்த வட்டாரத்திலேயே உதாரணங்கள் இருக்கின்றன. பழைய சித்தூர் மாவட்டத்தின் மதனப்பள்ளிக்கு அருகே ரிஷி வேலி பள்ளியை நடத்தும் கிருஷ்ணமூர்த்தி பவுண்டேஷன் ஓர் அறக்கட்டளை. கிராமக் குழந்தைகளுக்கு அறிவியலைச் செய்துபார்த்துக் கற்கவைக்கும் அகஸ்தியா பவுண்டேஷன், குப்பத்தில் 172 ஏக்கர் வளாகம் வைத்திருக்கிறது. திருப்பதியில் 1981-ல் தொடங்கிய 'ராஸ்', அதாவது ராஷ்ட்ரிய சேவா சமிதி, ராயலசீமைக் கிராமங்களில் பெண்கள், குழந்தைகளுக்காக வேலை செய்தே பெயர் பெற்றது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை (சி.எம்.சி.) நடத்துவது பதிவு பெற்ற ஒரு சங்கம்; அதன் வளாகங்களில் ஒன்று சித்தூர் மாவட்டத்துக் குடிபாலாவில் இருக்கிறது. மதனப்பள்ளி ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையைக் கிறிஸ்தவ மிஷன்கள் பல கூடி ஒரு நூற்றாண்டுக்கு முன் எழுப்பின. இங்கே சட்டம் பார்ப்பது, நடத்துகிறவரின் மதத்தை அல்ல. கதவு யாருக்குத் திறக்கிறது என்பதை. எல்லா மதத்து நோயாளிக்கும் படுக்கை உண்டென்றால் அது தர்மம். 1962-க்குப் பிறகு தோன்றிய ஒரு தர்ம ஸ்தாபனம் குறிப்பிட்ட ஒரு மதத்தாருக்கோ சாதியாருக்கோ மட்டும் என்று கதவைச் சாத்தினால் விலக்கை இழக்க நேரும்.

கல்லூரிகளுக்கு வந்த தீர்ப்பு

கல்வி நிறுவனங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு ஒன்று ஆந்திரத்திலிருந்தே உச்ச நீதிமன்றம் போனது. நியூ நோபல் எஜுகேஷனல் சொசைட்டி வழக்கு அது. கல்வி நிறுவனம் என்ற பெயரில் விலக்குக் கேட்கும் அமைப்பின் நோக்கம் கல்வி மட்டுமாகவே இருக்க வேண்டும். கல்வியோடு வேறு நோக்கங்களையும் விதிகளில் எழுதிவைத்துக்கொண்டு 10(23சி) பிரிவில் விலக்குக் கேட்க முடியாது என்று 2022 அக்டோபர் 19-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரை 'முக்கிய நோக்கம் கல்வியாக இருந்தால் போதும்' என்றே நடந்துவந்தது. 1987-ம் ஆண்டின் ஆந்திர அறநிலையச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்கிறதா என்பதையும் வரித்துறை பார்க்கலாம் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. திருப்பதியைச் சுற்றி எழுந்திருக்கும் கல்லூரிகள் எல்லாம் தங்கள் பத்திரத்தின் நோக்கப் பட்டியலை எடுத்துப் படிக்க வேண்டிய தீர்ப்பு இது. நன்கொடை என்ற பெயரில் கட்டணம் பிடுங்கும் இடத்துக்குத் தர்மத்தின் சலுகை எதற்கு?

சலுகைக்கு உரிய கடமை

பதிவு பெற்ற அமைப்பு ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தைத் தன் நோக்கத்துக்கே செலவிட வேண்டும். மீதி 15 சதவீதத்துக்கு மேல் சேர்த்துவைக்க வேண்டுமானால் இன்ன காரியத்துக்கு, இத்தனை ஆண்டுக்குள் என்று எழுதிக்கொடுத்தாக வேண்டும். ஐந்து ஆண்டுதான் எல்லை. நிறுவனரின் மகனுக்கு வாடகை இல்லாமல் வீடு, மருமகனுக்கு வட்டியில்லாக் கடன் என்று போனால் விலக்கு போய்விடும். அமைப்பைக் கலைத்தால் சொத்து இதே போன்ற இன்னொரு தர்ம அமைப்புக்குத்தான் போக வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம், மனமகிழ் மன்றம் போன்றவை லாபம் பார்க்காதவைதான். ஆனாலும் தர்ம ஸ்தாபனங்கள் ஆகா. உறுப்பினர் தங்களுக்குள் போட்டு எடுக்கும் பணத்துக்கு வரி இல்லை. வங்கி வட்டிக்கு வரி உண்டு என்று பெங்களூரு கிளப் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் வரிக் கழிவு வேண்டுமென்றால் அந்நாட்டின் 501(சி)(3) பிரிவில் வரும் அமைப்பின் வழியாகத்தான் தர வேண்டும். திருப்பதி ரசீது அங்கே செல்லாது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவரின் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவரின் பணத்தை வாங்க, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவும் டெல்லி ஸ்டேட் பேங்க் கிளையில் அதற்கான கணக்கும் அமைப்புக்கு இருந்தாக வேண்டும்.

2025-ம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வரும் நாள் 2026 ஏப்ரல் 1. 80ஜி இருந்த இடத்தில் அதில் 133-வது பிரிவு. எண்கள் மாறினாலும் அடிப்படை அதேதான். ஒரு அமைப்புக்கு விடப்படும் ஒவ்வொரு ரூபாய் வரியும் சாலைக்கும் பள்ளிக்கும் போயிருக்க வேண்டிய ஊர்ப் பணம். அதனால் கணக்குக் கேட்பது அவமரியாதை அல்ல, தர்மம் செய்கிறவரின் கடமை.

அடுத்த முறை நன்கொடை தரும்போது மூன்றைக் கேளுங்கள்: அமைப்பின் பதிவு எண், நன்கொடைச் சலுகைக்கான அங்கீகார எண், நிதியாண்டு முடிந்ததும் மே 31-க்குள் வர வேண்டிய, இதுவரை 10பிஇ என்று வழங்கிவரும் சான்றிதழ். மூன்றையும் தயங்காமல் தருகிற இடத்துக்குத் தாராளமாகக் கொடுங்கள்.