எல்லையில் டோல் வைத்தால் சாலைக் கடன் தீருமா? ஜோகூர் பாரு சொல்லும் கணக்கு

சிங்கப்பூரையும் மலேசியாவின் ஜோகூர் பாருவையும் இணைப்பது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கடற்பாலம். 1924-ல் திறக்கப்பட்ட இந்தப் பாலத்தைத் தினமும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடக்கிறார்கள். விடிவதற்கு முன்பே ஜோகூரிலிருந்து வேலைக்குக் கிளம்பும் கூட்டம் ஒரு பக்கம். வார இறுதியில் சிங்கப்பூரிலிருந்து சாப்பிடவும் சாமான் வாங்கவும் வரும் கூட்டம் இன்னொரு பக்கம்.

இவ்வளவு பேரும் ஒரே வாசல் வழியாகப் போகிறார்கள் என்றால், அங்கே ஓர் உண்டியல் வைக்க எந்த அரசுக்கும் தோன்றும். 2014-ல் மலேசியா வைத்தது. மூன்றரை ஆண்டுகள் முடிவதற்குள் எடுத்தும்விட்டது. ஏன்?

எந்தச் சாலைக்காக இந்த டோல்?

'ஈஸ்டர்ன் டிஸ்பர்சல் லிங்க்', சுருக்கமாக இ.டி.எல். ஜோகூர் பாரு எல்லைச் சோதனை வளாகத்தை வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையோடு இணைக்கும் சுமார் 8 கி.மீ. விரைவுச்சாலை. நகர நெரிசலில் சிக்காமல் நேராக நெடுஞ்சாலைக்குப் போய்விடலாம். செலவு சுமார் 100 கோடி ரிங்கிட். ஒரு தனியார் நிறுவனம் கட்டும், டோல் வசூலித்துப் போட்ட பணத்தை எடுத்துக்கொள்ளும் என்பதுதான் ஒப்பந்தம்.

2012-ல் சாலை திறக்கப்பட்டது. ஆனால், உள்ளூர் எதிர்ப்பால் டோல் மட்டும் தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் 2014 ஆகஸ்ட் 1-ல் வசூல் தொடங்கியது. அதுவும் சாலையின் நடுவில் அல்ல, எல்லைச் சோதனை வளாகத்திலேயே.

எல்லையில் வசூலிப்பது ஏன் வசதி?

எல்லையில் எல்லா வண்டியும் எப்படியும் நின்றுதான் ஆக வேண்டும். புதிதாக டோல்கேட் கட்ட இடம் தேட வேண்டாம். குறுக்குச் சந்தில் புகுந்து தப்பிக்கவும் முடியாது. கட்டுபவர்களில் கணிசமானவர்கள் வெளிநாட்டு வண்டிக்காரர்கள். அவர்களுக்கு இங்கே ஓட்டு கிடையாது. அரசியல் கணக்கிலும் இது லாபம்போலத் தெரியும்.

சரி, அப்புறம் என்ன பிரச்னை?

'பயன்படுத்துபவர் கட்டணம் கட்டட்டும்' என்பதுதான் டோலின் அடிப்படை நியாயம். இங்கே அடிபட்டது அதுதான். எல்லையைக் கடந்து, இ.டி.எல். பக்கமே திரும்பாமல் ஜோகூர் பாரு கடைத்தெருவுக்குப் போகிறவரும் டோல் கட்ட வேண்டும். ஆனால், எல்லைக்கே வராமல் ஊருக்குள்ளேயே அதே சாலையில் பறக்கிறவர் ஒரு காசும் கட்ட வேண்டாம். சாலையில் போகிறவர் ஒருவர், பில் கட்டுகிறவர் இன்னொருவர்!

தொகையும் சின்னது அல்ல. அதுவரை 2 ரிங்கிட் 90 சென் கட்டிவந்த கார்களுக்கு, மலேசியாவுக்குள் நுழைய 9 ரிங்கிட் 70 சென், வெளியேற 6 ரிங்கிட் 80 சென் என்று கட்டணம் ஏறியது. போய்வர 16 ரிங்கிட் 50 சென். அதாவது, ஐந்து மடங்குக்கும் மேல். மோட்டார் சைக்கிள்களுக்கு மட்டும் விலக்கு.

முதல் நாளே சிக்கல். பேருந்து ஓட்டுநர்கள் எதிர்த்து வண்டியை எடுக்க மறுத்தார்கள். வேலைக்குப் போக வேண்டியவர்கள் கடற்பாலத்தை நடந்தே கடந்தார்கள். வெளிநாட்டுக்காரர் தலையில் விழும் என்று நினைத்த கட்டணத்தின் வலி முதலில் தெரிந்தது ஜோகூர் தொழிலாளர்களுக்குத்தான்.

சிங்கப்பூர் சும்மா இருந்ததா?

இல்லை. கடற்பாலத்தில் மலேசியா டோலை ஏற்றினால், தானும் அதே அளவுக்கு ஏற்றுவது சிங்கப்பூரின் நீண்டகால வழக்கம். 2014 அக்டோபர் 1 முதல் அங்கும் கார்களுக்கான டோல், போய்வர 1.20 சிங்கப்பூர் டாலரிலிருந்து 6.50 டாலராக ஏறியது. அன்றைய மதிப்பில் அது ஏறக்குறைய அதே 16 ரிங்கிட் 50 சென்தான்.

இந்தக் கூடுதல் டாலரில் ஒரு காசுகூட இ.டி.எல். கடனை அடைக்கப் போகவில்லை. ஒரு சாலைக்கு ஒரு பில் என்று தொடங்கியது, பயணிக்கு இரண்டு பில்லாக முடிந்தது. எல்லையில் இன்னொரு அரசும் இருக்கிறது, அதன் கையிலும் ஓர் உண்டியல் இருக்கிறது என்பதைத் திட்டம் போட்டவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

டோல் எப்போது போனது?

பொதுத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. 2017 அக்டோபரில் பட்ஜெட் தாக்கல் செய்த அன்றைய பிரதமர் நஜிப் ரசாக், நான்கு இடங்களில் டோல் வசூல் நிறுத்தப்படும் என்றார். அதில் இ.டி.எல்.லும் ஒன்று, தாய்லாந்து எல்லையில் இருக்கும் புக்கிட் காயு ஹீத்தாம் இன்னொன்று. 2018 ஜனவரி 1 முதல் வசூல் நின்றது. பின்னர் சிங்கப்பூரும் தன் கட்டணத்தைக் குறைத்தது.

ஆனால், டோல் போனதால் கடன் போய்விடவில்லை. ஒப்பந்தத்தைப் பாதியில் முடித்ததற்காகச் சாலை கட்டிய நிறுவனத்துக்கு மலேசிய அரசு 130 கோடி ரிங்கிட்டுக்கு மேல் இழப்பீடு தர வேண்டியிருந்தது. அது பொதுப் பணம். இ.டி.எல். எங்கே இருக்கிறது என்றே தெரியாத பினாங்குக்காரரும் சரவாக்காரரும் சேர்ந்து கட்டிய பில் அது.

இப்போது எல்லையில் கட்டணமே இல்லையா?

இருக்கிறது. 2016 நவம்பர் 1 முதல், ஜோகூருக்குள் நுழையும் வெளிநாட்டுப் பதிவுக் கார்களிடம் ஒவ்வொரு முறையும் 20 ரிங்கிட் சாலைக் கட்டணம் வசூலிக்கிறது மலேசியா. பதிலுக்கு, 2017 பிப்ரவரி 15 முதல் வெளிநாட்டுக் கார்களுக்கு 6.40 டாலர் விதித்தது சிங்கப்பூர். அதற்கு வைத்த பெயரே 'பரஸ்பர சாலைக் கட்டணம்'.

டோலுக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. டோலுக்குப் பின்னால் ஒரு குறிப்பிட்ட சாலை இருந்தது, அதன் கடன் இருந்தது, ஒப்பந்தம் முடியும் காலம் இருந்தது. 'எங்கள் பணம் எங்கே போகிறது' என்று கேட்டால் காட்ட ஏதோ ஒன்று இருந்தது. இந்தக் கட்டணங்கள் எந்தக் குறிப்பிட்ட சாலையின் கடனோடும் கட்டப்படவில்லை. எனவே, கடன் தீர்ந்துவிட்டது, நிறுத்துங்கள் என்று யாரும் கேட்க முடியாது.

வேறு எப்படிச் செய்யலாம்?

கனடாவின் வின்ட்சரையும் அமெரிக்காவின் டெட்ராய்ட்டையும் இணைக்கும் கார்டி ஹோவ் பாலத்தில் வேறு வழி எடுத்தார்கள். பாலம் எழும்புவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 2012-ல், கனடாவும் மிச்சிகன் மாநிலமும் ஒப்பந்தம் போட்டன. முழுச் செலவையும் கனடா போடும். டோல் வருமானத்திலிருந்து அதை மீட்டுக்கொள்ளும். பாலத்தில் போகிறவர்தான் டோல் கட்டுவார். செலவு சுமார் 640 கோடி கனடா டாலராக உயர்ந்த பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை. பெரிய பாலம் என்பதால் கடன் தீரப் பல பத்தாண்டுகள் ஆகலாம். ஆனால், யார் போடுகிறார், யார் எடுக்கிறார் என்பதை இரண்டு பக்கமும் முதலிலேயே பேசி எழுதிக்கொண்டார்கள்.

ஜோகூர் பாருவில் அந்தப் பேச்சு நடக்கவில்லை. இ.டி.எல். இன்று டோல் இல்லாத சாலை. அதை ஒட்டிய எல்லையில் 20 ரிங்கிட்டும் 6.40 டாலரும் வசூலாகிக்கொண்டே இருக்கின்றன.