செப்டிக் டேங்க் லாரி எங்கே போகிறது?



டைபாய்டு காய்ச்சலோடு வரும் ஒரு பிள்ளைக்கு மருந்து கொடுத்துச் சுகமாக்கி வீட்டுக்கு அனுப்பிவிடலாம். ஆனால் அந்த வீட்டார் குடிக்கிற தண்ணீர் மாறவில்லையென்றால், அடுத்து அதன் தம்பியோ தங்கையோ அதே காய்ச்சலோடு வரக்கூடும். தண்ணீர் எப்படிக் கெட்டுப்போகிறது என்பதை இந்த இதழில் சற்று விவரிக்க விரும்புகிறோம்.

நம்முடைய சிறிய ஊர்களில் பெரும்பாலும் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், அல்லது உறை இறக்கிய குழி. பலர் நினைப்பதுபோல் செப்டிக் டேங்க் கழிவைச் சுத்தமாக்கிவிடுவதில்லை. கனமானது அடியில் தங்கும். நடுவில் நிற்கும் தண்ணீர் கிருமிகளோடுதான் வெளியே போகும். அடியில் தங்கிய கசட்டை மூன்று வருஷத்துக்கு ஒருமுறையாவது எடுக்கவேண்டும். நாமோ கக்கூஸ் அடைத்துக்கொண்ட பிறகுதான் லாரியைக் கூப்பிடுகிறோம்!

லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகிறது. எங்கே என்று கேட்பாரில்லை. ஓடையிலும் ஏரிக்கரையிலும் இருட்டில் திறந்துவிட்டுப் போவது பல இடங்களில் வழக்கமாயிருந்தது. இன்னும் முற்றிலும் நின்றபாடில்லை. டிரைவரை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. கொட்டுவதற்கு இடமே இல்லாதபோது அவர் என்ன செய்வார்? அந்தக் கசட்டிலுள்ள நாக்குப்பூச்சி முட்டைகள் ஈரமண்ணில் மாதக்கணக்கில், சிலசமயம் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அந்த மண்ணில் விளையாடிவிட்டுக் கைகழுவாமல் சாப்பிடும் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போய்ச் சேரும்.

மதுராந்தகத்துக்கு அருகே, திருச்சி நெடுஞ்சாலையில் உள்ள கருங்குழி பேரூராட்சி இதற்கு ஒரு வழி காட்டியது. 2014-இல் தமிழக அரசு கசடு கழிவுக்கான நடைமுறை விதிகளை வெளியிட்டது. 2017-இல் தமிழ்நாட்டின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் கருங்குழியில் தொடங்கியது. கருங்குழி, மதுராந்தகம் ஆகிய இரண்டு ஊர்களின் லாரிகளும் அங்கே கொட்டும்படி அமைத்தார்கள். மதுராந்தகம் பெரிய ஏரியும் வேடந்தாங்கலும் பக்கத்தில் இருப்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

இத்தகைய நிலையத்தில் பெரிய இயந்திரங்களைத் தேடவேண்டாம். லாரியிலிருந்து இறங்கும் கசடு முதலில் கம்பித் தடுப்பின் வழியே போகும். துணியும் பிளாஸ்டிக்கும் அங்கே நின்றுவிடும். பிறகு மணலும் ஜல்லியும் அடுக்கிய படுகையில் பரப்புவார்கள். தண்ணீர் கீழே வடிய, கெட்டியானது மேலே தங்கி வெயிலில் காயும். நம் ஊர் வெயிலுக்கு இப்படியும் ஓர் உபயோகம்! மழைக்காலத்தில் மட்டும் காய்வதற்கு நாள் பிடிக்கும்.

வடிந்த தண்ணீரைச் செடிகள் நட்ட ஜல்லிப் படுகை வழியே செலுத்தலாம். ஜல்லியிலும் வேரிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்றுவிடும். அதன்பின் ஆழமில்லாத குட்டையில் வெயில்பட நிறுத்தினால் கிருமிகள் இன்னும் குறையும். அந்தத் தண்ணீர் மரஞ்செடிகளுக்கு ஆகும், குடிப்பதற்கு ஆகாது. காய்ந்த கசட்டையும் உடனே வயலில் போடக்கூடாது. மட்கும் குப்பையோடு சேர்த்துக் குவித்தால் உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேறும்; அந்தச் சூடு சில நாட்கள் நீடித்தால்தான் பூச்சி முட்டைகள் சாகும்.

உங்கள் வீட்டுக்கோ, சபையின் பள்ளிக்கோ லாரியைக் கூப்பிடும்போது, எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். லாரி கிடைக்கவில்லை என்று யாரையும் டேங்குக்குள் இறக்காதீர்கள். ஆபத்தான முறையில் ஆட்களை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013-ஆம் வருஷத்துச் சட்டம் தடை செய்கிறது. உள்ளே தேங்கும் விஷவாயு நொடியில் மயக்கிவிடும். காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து இறந்த சம்பவங்கள் நம் மாநிலத்திலேயே உண்டு.