கேட்கத் தயங்கும் கேள்வி

சித்தூர்க் கிளையில் நாங்கள் பணியாற்றிய நாளில், தாயாரின் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே எடுக்க வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். சிகிச்சை திருப்பதியில், 2022ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஸ்ரீ வேங்கடேஸ்வரா புற்றுநோய் மருத்துவமனையில். கையொப்பமிட்டபின், "எனக்கும் வருமா சார்?" என்று மெல்லக் கேட்டார். தங்கைக்கு வரன் பார்க்கும் வேளையில் வீட்டில் இப்பேச்சை எடுக்க இயலாதாம். வட்டிக் கணக்கு மட்டுமே அறிந்த நாங்கள் விழித்தோம்.

இத்தகைய தயக்கத்தை அறிந்தே, நார்வேயின் பெர்கன் நகரிலுள்ள ஹாக்லாண்ட் பல்கலைக்கழக மருத்துவமனையினர் 'ரோசா' என்னும் உரையாடு செயலியை உருவாக்கினர். பிஆர்சிஏ மரபணுப் பிறழ்வு பற்றி நள்ளிரவிலும் அதனிடம் வினவலாம். விடைகள் வல்லுநர்கள் முன்கூட்டியே எழுதியவை. இயந்திரம் தானாகப் புனைவதில்லை.

பெற்றோரில் ஒருவருக்குப் பிறழ்வு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர வாய்ப்பு 50 விழுக்காடு. தந்தை வழியிலும் வரும். பிறழ்வுள்ள அனைவருக்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலான மார்பகப் புற்றுநோய்கள் மரபுவழிப்பட்டவையும் அல்ல. ஆகவே பரிசோதனையை நோயுற்றவரிடமிருந்தே தொடங்குவது வழக்கம். மகள் அஞ்சுவதற்கு முன், தாயின் மருத்துவரிடம் இதைக் கேட்பதே முறை.

காப்பீடு கிடைக்காது என்ற அச்சமும் உண்டு. மரபணுக் கோளாறைக் காரணங்காட்டி உரிமைக்கோரலை மறுக்கலாகாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018 மார்ச்சில் உத்தரவிட்டது. எனினும் முன்மொழிவுப் படிவத்தில் கேட்கப்படும் எதையும் மறைக்க வேண்டாம். மறைத்ததே பின்னர் வழக்காகும்.

ரோசா நார்வேஜிய மொழிக்கென உருவானது. எங்கள் வாடிக்கையாளர் தெலுங்கில், நேரில்தான் கேட்டாக வேண்டும்.