சக்கரத்தின்மேல் ஒரு வீடு

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார்" என்பது நம் முன்னோர் மொழி. வீடு கட்டுவதிலுள்ள தொல்லைகளைப் பட்டறிந்தோர் அதன் உண்மையை நன்கு உணர்வர். அந்த வீடே சக்கரங்களின்மேல் ஏறி, மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் நெடுஞ்சாலையில் ஓடுமாயின், ஒரு வீட்டின் கவலையும் ஒரு லொறியின் கவலையும் ஒருங்கே சேர்ந்துவிடும். கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் 'மோட்டார் ஹோம்' என வழங்கும் வீட்டு வண்டி இத்தகையதே. படுக்கை, சமையலடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, குளியலறை, மலகூடம் யாவும் ஒரே கூட்டினுள் அடங்கியது அது.

அயோவா மாநிலத்து வின்னபேகோ நிறுவனம் 1966இல் இவ்வண்டிகளைத் தொழிற்சாலையில் வரிசைமுறையாக ஆக்கத் தொடங்கிய பின்னர், நடுத்தர வருவாயுடையோருக்கும் இவை எட்டும் பொருளாயின. எனினும் புதிய வண்டியின் விலை இன்றும் பெரிது. ஆதலின் பலர், குறிப்பாக உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றோர், ஒருவர் பாவித்த வண்டியையே வாங்குகின்றனர். கனடாவிற் குடியேறி வாழும் நம்மவர் சிலருக்கும் இந்த ஆசை உண்டு. பல ஆண்டுச் சேமிப்பை ஒரு பொருளில் இடுவோர், அதனை வாங்கிய முதல் வாரத்திலும் மாரிக்கு முன்வரும் வாரத்திலும் செய்யவேண்டியவற்றை அறிந்திருத்தல் இன்றியமையாதது. சேமிப்பு மட்டுமன்று, உள்ளே உறங்குவோரின் உயிரும் அதனைச் சார்ந்திருக்கிறது.

பழைய வீட்டு வண்டியின் முதற்பகை நீர் ஒழுக்கு. வண்டியின் கூரையில் காற்றுப்போக்கிகளும் குளிரூட்டும் பொறியும் குழாய்களும் துளையிட்டே பொருத்தப்பட்டுள்ளன. அத்துளைகளைச் சுற்றிப் பூசிய பசை வெயிலாலும் குளிராலும் வெடிக்கிறது. வெடிப்பினூடு கசியும் மழைநீர் மரச்சட்டத்தினுள் இறங்கிப் பல மாதங்கள் எவர் கண்ணுக்கும் படாது அதனை உக்கச் செய்கிறது. எனவே புதிய சொந்தக்காரர் முதலிற் செய்யவேண்டியது ஏணி வைத்துக் கூரையைப் பார்ப்பதாகும். பின்னர் உள்ளே சென்று, அலுமாரிகளின் மேல்மூலைகளையும் யன்னல்களின் கீழ்ப்பகுதியையும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். மென்மையாக உள்வாங்கும் இடமும், கறை படிந்த இடமும், பூஞ்சண மணம் வீசும் இடமும் ஒழுக்கைக் காட்டிக் கொடுக்கும். வெளிச்சுவர் எங்கேனும் கொப்புளம்போற் புடைத்திருப்பின், நீர் நெடுநாள் உள்ளே தங்கியுள்ளதென்றே கொள்ளலாம். கூரைப் பசையை ஆண்டுக்கு இருமுறை பார்த்து, வெடித்த இடத்திற் புதிதாகப் பூசுவது மிகச் சிறிய வேலை. ஆயின் உக்கிய சட்டத்தை மாற்றுவது, சிலவேளை வண்டியின் விலையையே விழுங்கிவிடும்.

அடுத்து ரயர்களைக் கவனிக்க வேண்டும். நாள்தோறும் ஓடும் காரின் ரயர் தேய்ந்து முடிகிறது. ஆண்டின் பெரும்பகுதியை நின்றே கழிக்கும் வீட்டு வண்டியின் ரயரோ முதுமையால் முடிகிறது. அதன் தடவரிகள் ஆழமாகவும் புதியனபோலவும் காணப்படும். உள்ளேயுள்ள றப்பர் வலுவிழந்திருக்கும். ரயரின் பக்கத்திற் பொறித்த அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களக் குறியின் கடைசி நான்கு இலக்கங்கள் அதன் வயதைக் கூறும். '2319' என்றிருப்பின், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்யப்பட்டதென்பது பொருள். ஐந்தாண்டு கடந்த ரயரை ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்ட வேண்டுமென்றும், பத்தாண்டு கடந்ததைத் தோற்றம் எவ்வாறிருப்பினும் மாற்ற வேண்டுமென்றும் உற்பத்தியாளர் பலர் அறிவுறுத்துகின்றனர். முன்ரயர் ஒன்று நெடுஞ்சாலையில் வெடிக்குமாயின், பல தொன் எடையுள்ள வண்டியைச் சாலையில் நிறுத்திவைப்பது அனுபவமிக்க சாரதிக்கும் கடினம்.

அடுப்பு, வெப்பமூட்டி, நீர்ச்சூடாக்கி ஆகியவை பெரும்பாலும் புரொப்பேன் வாயுவால் இயங்குகின்றன. இவ்வாயு காற்றினும் பாரமானது. கசியுமாயின் மேலெழுந்து கலையாது தரையிலே தேங்கும். இதனாலேயே வாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவி தரையை ஒட்டிப் பொருத்தப்படுகிறது. இதனினும் கொடியது காபனோரொட்சைட்டு. எரிபொருள் அரைகுறையாக எரியும்போது தோன்றும் இந்நச்சுவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. வண்டியின் மின்பிறப்பாக்கி வெளியேற்றும் புகையும் பழுதடைந்த வெப்பமூட்டியும் இதனை உள்ளே விடக்கூடும். உறங்குவோர் உறக்கத்திலிருந்து எழாமலே போகக்கூடும். ஆகவே இவ்விரு வாயுக்களுக்குமான எச்சரிக்கைக் கருவிகளையும் புகையுணர் கருவியையும் கழற்றி, அவற்றின் பின்புறத்திலுள்ள திகதியைப் பார்க்க வேண்டும். இக்கருவிகளுக்கும் ஆயுளெல்லை உண்டு. பொத்தானை அழுத்தும்போது ஒலியெழுப்பினாலும், காலம் கடந்த கருவி வாயுவை உணராதிருக்கக் கூடும். காலம் கடந்திருப்பின் உடனே மாற்ற வேண்டும். வாயுக்குழாய்களை உரிமம் பெற்ற தொழிலாளரைக் கொண்டு சோதிப்பித்த பின்னரே முதலிரவை வண்டியிற் கழிக்கலாம்.

முன்னையவர் பாவித்த நீர்த்தாங்கியை அப்படியே பாவித்தல் தகாது. மணமூட்டப்படாத சலவைக் குளோரின் திரவத்தை, 60 லீற்றர் நீருக்கு ஏறத்தாழ 60 மில்லிலீற்றர் என்ற அளவிற் கலந்து தாங்கியில் நிரப்ப வேண்டும். குளோரின் மணம் ஒவ்வொரு குழாய்வாயிலும் வரும்வரை பம்பியை இயக்கிச் சில மணிநேரம் விட்டு, பின்னர் மணம் நீங்கும்வரை நல்ல நீராற் கழுவ வேண்டும். வடிகட்டி இருப்பின் முன்னரே அகற்றிவிட வேண்டும்.

எடையும் மறக்கத்தக்கதன்று. வண்டி தாங்கக்கூடிய உச்ச எடை சாரதியின் பக்கத்திலுள்ள தகட்டிற் பொறிக்கப்பட்டிருக்கும். 150 லீற்றர் நீர் 150 கிலோகிராம். அதன்மேல் எரிபொருள், பாத்திரம், படுக்கை, பிரயாணிகள். யாவற்றையும் ஏற்றியபின் லொறிகளை நிறுக்கும் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்தலே அறிவுடைமை. கூரைப் பொறியின் உச்சிவரை வண்டியின் உயரத்தை அளந்து, சாரதியின் கண்ணெதிரே எழுதி ஒட்டிவைத்தலும் வேண்டும். தாழ்ந்த பாலத்தின் முன்னே நின்று நினைவுகூர நேரமிராது. கனடாவின் கீழ்க்கரையிலிருந்து மேற்கரைக்கு 7,000 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பெருஞ்சாலையில் ஓடக் கனவு காண்போரும், முதற் பயணத்தை வீட்டுக்கு அண்மையில் ஓரிரு இரவுகளுக்குள் முடித்துக்கொள்வது நன்று. குறைகள் யாவும் அப்பொழுதே வெளிப்பட்டுவிடும்.

இனி, மாரிகால ஓய்வுக்கு வருவோம். வினிப்பெக் போன்ற நகரங்களில் சனவரி இரவுகளில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகைக்கும் அப்பாற் செல்வது வழக்கம். ரொறன்ரோவிலும் உறைநிலைக்குக் கீழ்ப்பட்ட நாள்கள் பலவாகும். நம் நாட்டவர் இக்குளிரை அறியார். எனினும் நீர் நிரப்பி மூடிய கண்ணாடிப் போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபனி அறையில் மறந்து வைத்தோர், அதன் விளைவைக் கண்டிருப்பர். பெரும்பாலான பொருள்கள் குளிரச் சுருங்குகின்றன. நீரோ பனிக்கட்டியாகும்போது நூற்றுக்கு ஒன்பது பங்கு அளவு பெருக்கிறது. குழாயின் ஓரிடத்தில் நீர் உறைந்து அடைத்துக்கொள்ள, அவ்வடைப்புக்கும் மூடிய குழாய்வாய்க்கும் இடையில் அகப்பட்ட நீரின் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். முடிவிற் குழாயோ, பம்பியோ, பொருத்தோ வெடிக்கும். இதில் விந்தை யாதெனின், வெடித்தது மாரியில், தெரியவருவதோ இளவேனிலில். பனி உருகியபின் பம்பியை இயக்கும்போதுதான் சுவருக்குள் நீர் பாயும்.

ஆதலின் உறைபனி தொடங்குமுன், பெரும்பாலும் ஒக்ரோபர் மாதத்திலேயே, நீரை முற்றாக வெளியேற்ற வேண்டும். இதற்கோர் ஒழுங்குண்டு. முதலிற் கழிவுத்தாங்கிகளை உரிய இடத்தில் வெறுமையாக்கிக் கழுவுதல். பின்னர் நன்னீர்த்தாங்கியை வடித்தல். மூன்றாவதாக நீர்ச்சூடாக்கியை அணைத்து, அது முற்றாக ஆறியபின், அழுத்தத்தை நீக்கி அடைப்பைக் கழற்றுதல். சூடாக இருக்கும்போதோ அழுத்தம் நீங்காதபோதோ அடைப்பைக் கழற்றினால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். நான்காவதாக, குழாய்வாய்கள் யாவற்றையும் திறந்துவிட்டு, வண்டியின் தாழ்ந்த இடத்திலுள்ள வடிவாய்களையும் திறத்தல்.

இவ்வளவு செய்தும் வளைவுகளிற் சிறிது நீர் எஞ்சும். அதனை உறையாது காப்பதற்கு வீட்டு வண்டிகளுக்கென்றே விற்கப்படும் இளஞ்சிவப்பு நிறமான உறைதடுப்புத் திரவம் பயன்படுகிறது. வடிவாய்களை மூடி, சூடாக்கிக்குச் செல்லும் வழியை மாற்றுவாய்களாற் பிரித்துவிட வேண்டும். இல்லையேல் அதன் 23 அல்லது 38 லீற்றர் தாங்கியே திரவம் முழுவதையும் குடித்துவிடும். பின்னர் பம்பியின் உறிஞ்சுகுழாயைத் திரவக் கலத்தில் இட்டு இயக்கி, சூட்டுநீர், தண்ணீர் ஆகிய இரு வாய்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, இளஞ்சிவப்பு நிறம் தெளிவாக வரும்வரை ஓடவிட வேண்டும். மலகூடத்தையும் வெளிப்புறக் குளிப்புக்குழாயையும் மறத்தலாகாது. பலர் மறப்பது அவ்விரண்டையுமே. இறுதியில் ஒவ்வொரு தொட்டியின் வடிகால் வளைவிலும் ஒரு கோப்பையளவு ஊற்ற வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. மோட்டார் இயந்திரத்தைக் குளிர்விக்கும் திரவங்களில் எதிலீன் கிளைக்கோல் உண்டு. அது கொடிய நஞ்சு. பெயரின் ஒற்றுமையால் மயங்கி அதனைக் குடிநீர்க் குழாயில் ஒருபோதும் இடலாகாது. வீட்டு வண்டிக்குரியது பெரும்பாலும் நச்சுத்தன்மையற்ற புரொப்பிலீன் கிளைக்கோலால் ஆனது. கலத்தின்மேல் எழுதியிருப்பதை வாசித்தே வாங்க வேண்டும்.

பற்றரியும் உறையும் இயல்புடையது. நிறைவாக மின்னேற்றிய ஈய-அமிலப் பற்றரி பூச்சியத்துக்குக் கீழ் 50 பாகையிலும் உறையாது. மின்னிழந்த பற்றரியின் அமிலமோ ஏறக்குறைய நீராகி, 7 பாகைக் குளிரிலேயே உறைந்து ஓட்டைப் பிளக்கும். வண்டியை நிறுத்தி வைத்தாலும் வாயுணர் கருவிகள் சிறிது சிறிதாக மின்னை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். எனவே பற்றரியை நிறைவாக மின்னேற்றி, எதிர்முனையை முதலிற் கழற்றி, தொடுப்பறுத்து வைத்தல் வேண்டும். லிதியம் பற்றரி உடையோர், உறைநிலைக்குக் கீழ் அதற்கு மின்னேற்றலாகாது என்பதை நினைவிற் கொள்க.

எரிபொருள் தாங்கியை நிரப்பி, பெற்றோல் கெடாது காக்கும் மருந்தைக் கலந்து, அது குழாய்களிற் பரவும்வரை இயந்திரத்தையும் மின்பிறப்பாக்கியையும் சிறிது நேரம் ஓடவிடலாம். உணவுப் பொருள் ஒரு துணுக்கும் உள்ளே இருத்தல் கூடாது. எலிக்கு விரலளவு துளையே பெருவாயில். தரையிலுள்ள துளைகளை உருக்குக் கம்பளி கொண்டு அடைக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் கதவைச் சிறிது திறந்து வைப்பின் பூஞ்சணம் பற்றாது. வண்டியை மூடுவதாயின் காற்றுப் புகும் துணியே ஏற்றது. காற்றுப் புகாத பிளாஸ்ரிக் உறை ஈரத்தை உள்ளே சிறைப்படுத்தும்.

இளவேனில் வந்ததும் உறைதடுப்புத் திரவத்தை நீராற் கழுவி, தாங்கியை மீண்டும் குளோரினாற் சுத்திசெய்து, எச்சரிக்கைக் கருவிகளையும் ரயர்களின் காற்றையும் கூரையையும் மறுபடியும் பார்த்தபின்னரே புறப்பட வேண்டும். செய்த வேலையையும் திகதியையும் ஒரு கொப்பியில் எழுதிவைப்போர் எதையும் மறவார். பிற்காலத்தில் வண்டியை விற்க நேரின், அக்கொப்பியே வாங்குபவரின் நம்பிக்கையையும் பெற்றுத்தரும். உறைதடுப்புத் திரவத்தில் நான்கைந்து போத்தல்களும் அரைநாள் உழைப்புமே மாரிகால ஆயத்தத்தின் செலவு. அதனைச் செய்யாது விட்டோர், சுவரைப் பிரித்துக் குழாயைத் தேடும்போதுதான் அச்செலவு எத்துணைச் சிறிது என்பதை அறிகின்றனர்.