புத்தர் சொன்னாரா? விலாசம் கேளுங்கள்

சிவகிரிப் பக்கம் பள்ளிப் பேச்சுப்போட்டி என்றால் புத்தரும் எப்படியாவது மேடை ஏறிவிடுவார். எங்கே படித்தாலும், யார் சொன்னாலும், பகுத்தறிவுக்குப் பொருந்தாததை நம்பாதே என்பது அதிகம் அடிபடும் கருத்து. வாட்ஸ்அப்பில் இது ஒருநாள் புத்தர் படத்தோடு வரும், மறுநாள் பெரியார் படத்தோடு வரும்.

புத்தர் வாக்கு என்றால் அதற்கு விலாசம் இருக்க வேண்டும். பௌத்த மறைநூலான பாலி மொழித் திபிடகத்தில், புத்தரின் உரைகள் அடங்கிய சுத்த பிடகம் ஐந்து நிகாயங்களாக, அதாவது தொகுப்புகளாக, பிரிந்திருக்கிறது. நிகாயத்தின் பெயரும் சூத்திரத்தின் எண்ணும் சொன்னால் எவரும் எடுத்துப் பார்த்துவிடலாம்.

மேலே சொன்ன கருத்தின் மூலம், அங்குத்தர நிகாயத்தின் மூன்றாம் தொகுதியில் 65ஆம் சூத்திரம் (சில பதிப்புகளில் 66). கேசபுத்தம் என்ற ஊரில் காலாமர் குலத்தவர் புத்தரிடம் முறையிடுகிறார்கள்: வருகிற துறவிகளெல்லாம் தங்கள் கொள்கையை உயர்த்தி, அடுத்தவர் கொள்கையை மட்டம் தட்டிவிட்டுப் போகிறார்கள், நாங்கள் யாரை நம்புவது? நம்புவதற்குப் போதாத காரணங்கள் பத்தைப் புத்தர் அடுக்குகிறார். செவிவழிச் செய்தி, பரம்பரை வழக்கம், வேதநூல், குருவின் மீதுள்ள மரியாதை எல்லாம் அதில் உண்டு. தர்க்கமும் ஊகமும்கூட அதே பட்டியலில்தான் இருக்கின்றன! படம் போட்டுப் பகிர்பவர்கள் இந்த இரண்டையும் வசதியாக விட்டுவிட்டார்கள். கடைப்பிடித்தால் கேடு வருமா, நன்மை வருமா, அறிந்தோர் அதைப் பழிப்பார்களா என்று நீங்களே தெரிந்துகொண்டு முடிவெடுங்கள் என்பதுதான் புத்தரின் பதில். என் புத்திக்குச் சரியென்று பட்டால் போதும் என்று அவர் சொல்லவில்லை.

ஒரு வாக்கின் விலாசத்தை இணையத்தில் தேடும்போது வாசகத்தை அப்படியே தட்டச்சு செய்யாதீர்கள். அதே படம்தான் திரும்பத் திரும்ப வரும். உவமை, ஆள் பெயர், ஊர்ப் பெயர் ஆகியவற்றை வைத்துத் தேடுங்கள். கோபத்தை வைத்திருப்பது கையில் நெருப்புக்கங்கு பிடிப்பது போல என்ற பிரபல வாசகம் அப்படித் தேடினால் பௌத்த உரையாசிரியர் புத்தகோசரின் விசுத்திமக்கத்தில் கொண்டுபோய் விடும். காஞ்சிபுரத்தில் தங்கியிருந்த அவர், கி.பி. 5ஆம் நூற்றாண்டில் இலங்கையில் இருந்து எழுதிய நூல் அது. புத்தருக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பின்னால். அங்கே கங்கோடு மலமும் சேர்ந்து வருகிறது: அடுத்தவன் மேல் எறிய எடுப்பவன் கைதான் முதலில் நாறும். வாழ்த்து அட்டைக்கு ஆகாது என்று அதை வெட்டிவிட்டார்கள் போலும்.

உண்மையான விலாசம் உள்ளவையும் உண்டு. 1951இல் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் ஜப்பானுக்காகப் பேசிய இலங்கையின் ஜே.ஆர். ஜெயவர்தன, பகையைப் பகையால் தீர்க்க முடியாது என்ற புத்தர் வாக்கை எடுத்துச் சொன்னார். அது திபிடகத்தில் உள்ள தம்மபதத்தின் 5ஆம் பாடலில் இருக்கிறது.

திபிடகமே நெடுங்காலம் வாய்மொழியாக இருந்து, கி.மு. முதல் நூற்றாண்டில்தான் இலங்கையில் ஏட்டில் ஏறியது. ஆகவே நம் சரிபார்ப்பு அந்த நூல் வரைக்கும்தான் போகும். அதிலும் விலாசம் கிடைக்கவில்லையா? கருத்து பிடித்திருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். புத்தர் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள்.